சார்லஸ் பிராண்டன்: எட்டாம் ஹென்றியின் நண்பரும் மைத்துனரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மரபின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே சஃபோக் டியூக் சார்லஸ் பிராண்டனிடம் வந்து தடுக்கி விழுகிறார்கள் (டியூக் என்பது பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்தது). அவருடைய திருமணங்களும், ஒரே பெயரைச் சுமந்த பிள்ளைகளும், கைமாறிய பட்டங்களும் நண்பர்களிடையே ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப எழுப்புவதால், கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்து விடையளித்திருக்கிறேன்.

சார்லஸ் பிராண்டன் யார்? அமைச்சரா, தளபதியா, வெறும் நண்பரா?

மூன்றுமாக இருந்தார், ஆனால் முதலில் நண்பர். ஏறத்தாழ 1484இல் பிறந்த இவர், தம்மைவிடச் சில ஆண்டுகள் இளையவரான இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் இளமைக்காலத் தோழர். குதிரை மீதமர்ந்து ஈட்டியால் மோதும் போட்டிகளில் ஹென்றிக்கு இணையாகக் களமிறங்கக் கூடியவர் அவர் ஒருவரே என்று சொல்லுமளவுக்குப் பெயர் பெற்றவர். 1512இல் அரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரியாகவும், 1513இல் பிரான்சின் மீதான படையெடுப்பில் சேனையின் தலைமைப் பொறுப்பாளர்களுள் ஒருவராகவும் உயர்ந்து, 1514 பிப்ரவரியில் சஃபோக் டியூக் ஆனார்.

அவர் அரச குடும்பத்தில் பிறந்தவரா?

இல்லை. தந்தை வில்லியம் பிராண்டன் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த, பட்டமில்லாத நிலவுடைமைக் குடும்பத்தவர். தாய் எலிசபெத் புரூயின் எசெக்ஸ் மாவட்டத்தில் நிலபுலன்களுக்கு உரிமை பெற்றவர். நாட்டில் டியூக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், முன்னோரிடமிருந்து பெரிய பட்டம் எதுவும் வந்து சேராத ஒருவர் அந்த நிலைக்கு ஏறியது பழம்பெரும் குடும்பங்களின் கண்களை உறுத்தியது. அவருடைய வாழ்வில் நிகழ்ந்த ஏறக்குறைய ஒவ்வொரு திருப்பத்தையும் இந்த ஒரு செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: பிறப்பு தராத நிலமும் தகுதியும் அவருக்கு அரசரின் அன்பாலும் திருமணங்களாலும் மட்டுமே கிடைத்தன.

அப்படியானால் அரண்மனைக்குள் எப்படி நுழைந்தார்?

தந்தையின் சாவு வழியாக. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் ஹென்றி டியூடரின் கொடியைத் தாங்கி நின்ற வில்லியம் பிராண்டன், மூன்றாம் ரிச்சர்டு நேரடியாகப் பாய்ந்து வந்த இறுதித் தாக்குதலில் வெட்டுண்டு வீழ்ந்தார். அன்று வென்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றியாக முடிசூடியதும், கொடிதாங்கியின் கைக்குழந்தையை மறக்கவில்லை. சிற்றப்பா தாமஸ் பிராண்டன் ஏழாம் ஹென்றியின் அரண்மனையில் குதிரைப் பொறுப்பதிகாரியாக இருந்ததும் துணை நின்றது. சிறுவன் அரண்மனையிலேயே வளர்ந்தான். உணவு பரிமாறும் பணியிலும் குதிரைப் பயிற்சியிலும் தேறினான். 1509இல் எட்டாம் ஹென்றி அரியணை ஏறியபோது, பிராண்டன் ஏற்கெனவே அவருடைய நெருங்கிய வட்டத்துக்குள் இருந்தார்.

மொத்தம் எத்தனை திருமணங்கள்? ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

நடந்தேறியவை நான்கு, ஒப்பந்தத்தோடு நின்றுபோனது ஒன்று. நின்றுபோனதையும் சேர்ப்பவர்கள் ஐந்து என்பார்கள். திருச்சபை ரத்து செய்ததை விட்டுவிடுபவர்கள் மூன்று என்பார்கள்.

நிகழ்ந்த வரிசை இதுதான்: முதலில் ஆன் பிரவுன் என்ற பெண்ணுக்கு மணவாக்கு, அவர் கருவுற்றிருந்த நிலையில் அவரை விட்டுவிட்டு 1507இல் மார்கரெட் நெவில் என்ற விதவையோடு திருமணம், அது ரத்தாகி 1508இல் ஆன் பிரவுனோடு திருமணம், ஆன் இறந்த பின் எலிசபெத் கிரே என்ற சிறுமியோடு மண ஒப்பந்தம், 1515இல் அரசரின் தங்கை மேரியோடு திருமணம், அவரும் மறைந்த பின் 1533இல் கேத்தரின் வில்லொபியோடு திருமணம்.

வாக்குக் கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு மார்கரெட் நெவிலை ஏன் மணந்தார்?

சொத்துக்காக; இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. மார்கரெட் வயதில் அவரைவிட மிகவும் மூத்தவர். மாண்டகு மார்க்குவிஸ் (டியூக்குக்கு அடுத்த பட்டம்) ஜான் நெவிலின் மகள் என்பதால் பெரிய நிலங்களில் பங்குடையவர். அவர் யாரோ அந்நியரும் அல்லர்: ஆன் பிரவுனின் மாற்றாந்தாயான லூசி நெவிலுடைய உடன்பிறந்தவர். ஆகவே கைவிடப்பட்ட பெண்ணுக்கு மார்கரெட் தாய்முறை உறவு. அந்த நிலங்கள் சிலவற்றை விற்றுக் காசாக்கிய பின், இந்தத் திருமணம் உறவுமுறைத் தடைக்கு உட்பட்டது, ஆனோடு ஏற்கெனவே மணவாக்கு இருந்தது என்ற காரணங்களைச் சொல்லி பிராண்டன் திருச்சபையிடம் ரத்து பெற்றார்.

பின்னர் ஆனை முதலில் ஸ்டெப்னியில் மறைவாகவும், பிறகு லண்டன் கார்ன்ஹில்லில் உள்ள புனித மைக்கேல் ஆலயத்தில் ஊரறியவும் மணந்தார். இருமுறை மணந்ததற்குக் காரணம், பிள்ளைகளின் சட்டத் தகுதியில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற அச்சம்தான். அவருடைய வாழ்க்கையை எவ்வளவு பரிவோடு வாசித்தாலும் இந்தப் பகுதியை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

லைல் விஸ்கவுண்ட் என்று சில ஆவணங்களில் வருகிறதே, அவரும் இவரும் ஒருவரா?

1513 முதல் 1514 பிப்ரவரி வரையிலான ஆவணமானால் ஆம். விஸ்கவுண்ட் என்பது டியூக்கைவிடத் தாழ்ந்த ஒரு பிரபுப் பட்டம். லைல் பட்டத்தின் வாரிசான எலிசபெத் கிரே தந்தையை இழந்த சிறுமி. அக்கால வழக்கப்படி, நிலமுள்ள அநாதைக் குழந்தையின் காப்புரிமை அரசருக்குச் சேரும். அரசர் அதை யாருக்கும் வழங்கலாம், விற்கலாம். பெற்றவர் அக்குழந்தையின் நிலவருவாயையும் திருமணத்தை முடிவு செய்யும் உரிமையையும் அடைவார். பிராண்டன் அந்தக் காப்புரிமையைப் பெற்று, சிறுமியைத் தாமே மணப்பதாக ஒப்பந்தம் செய்து, அதன் வலுவில் 1513 மே மாதத்தில் லைல் விஸ்கவுண்ட் ஆனார். அவள் அப்போது எட்டு வயதை ஒட்டியவள்.

வளர்ந்ததும் அவள் அவரை மணக்க மறுத்துவிட்டு டெவன் பிரபு ஹென்றி கோர்ட்னியை மணந்தாள்; 1519இல் இளவயதிலேயே இறந்தாள். பட்டம் 1523இல் ஆர்தர் பிளாண்டாஜெனட்டுக்குச் சென்றது. ஆகவே 1530களின் புகழ்பெற்ற ‘லைல் கடிதங்கள்’ ஆர்தரின் குடும்பத்துடையவை. பிராண்டனோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அரசரின் தங்கையை அனுமதியில்லாமல் மணந்தும் தலை எப்படித் தப்பியது?

மேரி டியூடர் 18 வயதில், 52 வயதான பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயிக்கு 1514 அக்டோபரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். போவதற்கு முன்பே, இந்தக் கணவருக்குப் பின் அடுத்தவரைத் தாமே தேர்ந்துகொள்வதாக அண்ணனிடம் வாக்கு வாங்கியிருந்ததாக அவர் பின்னர் எழுதினார். லூயி 1515 ஜனவரி 1 அன்று இறந்துவிட்டார். மேரியை அழைத்துவரப் பாரிசுக்கு அனுப்பப்பட்டவர் பிராண்டன். அவரிடம் மேரியை மணந்துகொள்ள மாட்டேன் என்று ஹென்றி முன்னதாகவே உறுதிமொழி பெற்றிருந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை. புதிய மன்னர் முதலாம் பிரான்சுவா தம்மை வேறு எங்காவது கட்டிக்கொடுத்துவிடுவார் என்று மேரி அஞ்சினார். ஒரு பெண் இப்படி அழுது தாம் கண்டதேயில்லை என்று பிராண்டன் தம் கடிதத்தில் குறிப்பிட்டார். பாரிசில் கிளூனி மாளிகையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் முன்னிலையில் இருவரும் மணந்துகொண்டனர்.

அரச குருதி உள்ள பெண்ணை மன்னர் ஒப்புதலின்றி மணப்பது பெருங்குற்றம். அரசவையில் பிராண்டனின் தலையைக் கேட்டவர்களும் உண்டு. அவரைக் காப்பாற்றியவை மூன்று: ஹென்றிக்கு இருவர் மீதும் இருந்த உண்மையான பாசம், அரசரின் தலைமை அமைச்சரான கர்தினால் வூல்சியின் இடையீடு, பணம். ஆண்டுக்கு 1,000 பவுன் வீதம் 24,000 பவுன் அபராதமும், மேரியின் சீர்வரிசையும் நகைகளும் மன்னருக்கு என்று முடிவாயிற்று. 1515 மே 13 அன்று கிரீனிச்சில் மன்னர் முன்னிலையில் முறையான திருமணம் நடந்தது. அபராதம் முழுதாகக் கட்டப்படவில்லை. ஆனால் அந்தக் கடன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தவரை பிராண்டன் அரசரின் கைக்குள்ளேயே இருந்தார். எனக்கென்னவோ, ஹென்றி விரும்பியதும் அதுதான் என்று தோன்றுகிறது.

‘தி டியூடர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் அந்தத் தங்கையின் பெயர் மார்கரெட் என்று வந்ததே?

நாடக வசதிக்காக இரு சகோதரிகளை ஒருவராக்கியிருந்தார்கள். ஹென்றியின் அக்காள் மார்கரெட், ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸை மணந்தவர். ஸ்டூவர்ட் மன்னர்கள் அவருடைய வழியினர். பிராண்டனை மணந்தவர் தங்கை மேரி. மணமான பின்னும் மேரி இங்கிலாந்தில் ‘பிரெஞ்சு அரசி’ என்றே அழைக்கப்பட்டார். டியூக்கின் மனைவி என்பதைவிட அது உயர்ந்த தகுதி. இவரையும், ஹென்றியின் மகளான பிற்கால அரசி முதலாம் மேரியையும் ஒருவராக எண்ணுவதும் அடிக்கடி நேர்கிற பிழை. இருவரும் அத்தையும் மருமகளும் ஆவர்.

மகனுக்குப் பேசிவைத்த பெண்ணைத் தானே கட்டிக்கொண்டார் என்பது உண்மையா?

உண்மை. கேத்தரின் வில்லொபி 1519இல் பிறந்தவர். வில்லொபி பிரபுவுக்கும், ஹென்றியின் முதல் மனைவி அரகான் கேத்தரினோடு ஸ்பெயினிலிருந்து வந்த தோழி மரியா தே சலினாஸுக்கும் மகள். தந்தை இறந்ததும், மேலே லைல் பட்டம் பற்றிய விடையில் சொன்ன அதே வழக்கப்படி, அவருடைய காப்புரிமையை பிராண்டன் விலைக்கு வாங்கித் தம் வீட்டில் மகளைப் போல வளர்த்தார். தம் மகன் லிங்கன் பிரபு ஹென்றிக்கு மணமுடிப்பதே எண்ணம். மேரி 1533 ஜூன் 25 அன்று வெஸ்ட்ஹார்ப்பில் காலமானார். செப்டம்பர் 7 அன்று, ஏறத்தாழ 49 வயதிலிருந்த பிராண்டன் 14 வயதுக் கேத்தரினைத் தாமே மணந்தார். மகன் அப்போது உயிரோடுதான் இருந்தான். சிறுவன் என்பதால் மணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, லிங்கன்ஷயர் நிலங்களோ காத்திருக்கக் கூடியவை அல்ல என்று தந்தை கணக்கிட்டிருக்கலாம். 1534 மார்ச்சில் மகன் இறந்தான்.

அரசவையில் முணுமுணுப்பு இருந்தது. ஆயினும் கேத்தரின் பிற்காலத்தில் யாருக்கும் அடங்காத, சீர்திருத்தச் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய பெண்மணியாக விளங்கினார். தமக்குப் பிடிக்காத பிஷப் கார்டினரின் பெயரைத் தம் நாய்க்குச் சூட்டியவர் அவர்.

அவருடைய பிள்ளைகள் யார் யார்? எல்லோரும் ஹென்றி, மேரி என்றே இருக்கிறார்களே?

ஆன் பிரவுன் வழியில் இரு மகள்கள்: போவிஸ் பிரபு எட்வர்டு கிரேயை மணந்த ஆன், மான்டீகிள் பிரபு தாமஸ் ஸ்டான்லியை மணந்த மேரி. மூத்தவளான ஆன் சிறு வயதில் நெதர்லாந்து ஆட்சியாளர் ஆஸ்திரியாவின் மார்கரெட்டிடம் வளர அனுப்பப்பட்டிருந்தாள். அந்த மார்கரெட்டையே பிராண்டன் மணக்கப்போகிறார் என்று 1513–14இல் ஐரோப்பா முழுவதும் வதந்தி உலவி, ஹென்றி அதை மறுக்க வேண்டியதாயிற்று.

மேரி டியூடர் வழியில் நால்வர்: 1516இல் பிறந்து குழந்தையிலேயே இறந்த ஹென்றி, 1517இல் பிறந்த பிரான்சிஸ், எலினார், 1525இல் லிங்கன் பிரபுவாக்கப்பட்ட இரண்டாம் ஹென்றி. கேத்தரின் வழியில் ஹென்றி, சார்லஸ் என்ற இரு மகன்கள். ஆக, அவருக்கு ஹென்றி என்ற பெயரில் மூன்று மகன்கள். மூவரும் மணமாகாமலே இறந்தார்கள். இவர்களைத் தவிர, மணவுறவுக்கு வெளியே பிறந்து அவர் பெயரையே தாங்கிய சார்லஸ் பிராண்டன் என்ற மகனும் இருந்தார். ‘சர்’ பட்டம் பெற்ற அவரைத் தந்தையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஹென்றியின் மணவிலக்கு விவகாரத்தில் இவர் யார் பக்கம்?

அரகான் கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் பொலினை மணக்க ஹென்றி முயன்ற விவகாரம் இது. பிராண்டன் வெளியே அரசர் பக்கம். உள்ளே அவ்வளவு எளிதல்ல. 1529இல் பிளாக்ஃபிரையர்ஸில் நடந்த விசாரணை முடிவின்றி ஒத்திவைக்கப்பட்டபோது, மேசையைத் தட்டி, கர்தினால்களால் இங்கிலாந்துக்கு ஒருநாளும் நன்மை விளைந்ததில்லை என்று முழங்கியவர் பிராண்டன். அவருடைய உயிரைக் காத்த வூல்சி அப்போது எதிரில் அமர்ந்திருந்தார். ஆனால் மனைவி மேரி, அண்ணி அரகான் கேத்தரினிடம் பற்றுக் கொண்டவர். ஆன் பொலினை அவர் ஏற்கவே இல்லை. 1533 ஜூன் 1 அன்று ஆனின் முடிசூட்டு விருந்தை முன்னின்று நடத்தியவர் பிராண்டன். மேரி அப்போது வெஸ்ட்ஹார்ப்பில் நோய்ப்படுக்கையில் கிடந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில், பதவி பறிக்கப்பட்ட அரகான் கேத்தரினை பக்டனிலிருந்து வேறிடத்துக்கு மாற்றவும் அவருடைய பணியாளர்களைக் கலைக்கவும் பிராண்டன் அனுப்பப்பட்டார். வழியில் தமக்கு ஏதேனும் விபத்து நேர்ந்து இந்த வேலையிலிருந்து தப்பிவிட மாட்டோமா என்று அவர் விரும்பியதாக, புதிய மாமியார் மரியா தே சலினாஸ் ஸ்பானியத் தூதரிடம் சொன்னார். கேத்தரின் அறையைத் தாழிட்டுக்கொண்டு வர மறுத்தார். பிராண்டனால் அவரை அசைக்க முடியவில்லை. 1536 மே மாதத்தில் ஆன் பொலினை விசாரித்த பிரபுக்களுள் ஒருவராக அமர்ந்ததில் அவருக்கு அத்தகைய தயக்கம் இருந்ததற்கு அடையாளமில்லை.

விளையாட்டு வீரர் என்பதைத் தவிர அவரிடம் பெரிய திறமை இல்லை என்கிறார்களே?

கடிதங்களை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். எழுத்துக்கோர்வை அக்கால அளவுகோலிலேயே விந்தையானது. ஆனால் 1509 முதல் 1545 வரை ஹென்றியின் அருகிலேயே இருந்து, பதவியோடு இயற்கையாக இறப்பதற்கு ஒரு திறமை வேண்டும். பக்கிங்ஹாம் டியூக், அமைச்சர்கள் மோர், கிராம்வெல், விளையாட்டுத் தோழர் நிக்கலஸ் கேரூ ஆகியோர் தலையிழந்தனர். வூல்சி கைதியாக இறந்தார். 1524இல் நடந்த ஈட்டிப் போட்டியில், முகக்கவசத்தை மூட மறந்து பாய்ந்த ஹென்றியின் தலைக்கவசத்தில் பிராண்டனின் ஈட்டி மோதி நொறுங்கியது. மன்னர் மயிரிழையில் பிழைத்தார். அதன் பின்னும் நட்பு குலையவில்லை.

1523இல் அவர் தலைமையில் சென்ற படை பாரிசை நெருங்கும் தொலைவுவரை முன்னேறி, குளிராலும் பற்றாக்குறையாலும் திரும்பியது. 1536இல் லிங்கன்ஷயர் கிளர்ச்சியை அடக்கினார். பின்னர் அரசரின் கட்டளைப்படி அங்கேயே குடியேறி, மனைவி கேத்தரின் வில்லொபிக்குரிய கிரிம்ஸ்தார்ப் மாளிகையை விரிவாக்கி வாழ்ந்தார். 1544இல் பிரான்சின் புலோன் நகரின் முற்றுகையை நடத்தி வென்றபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டியது.

எப்போது இறந்தார்? அடக்கம் எங்கே?

1545 ஆகஸ்ட் 22 அன்று கில்ஃபோர்டில். தந்தை பாஸ்வொர்த்தில் விழுந்து அன்றோடு சரியாக 60 ஆண்டுகள். ஆடம்பரமின்றி லிங்கன்ஷயரின் டாட்டர்ஷாலில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். ஹென்றி அதைக் கேளாமல் தம் செலவில் விண்ட்சர் கோட்டையின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் அடக்கம் செய்வித்தார். மேரி டியூடரின் கல்லறை பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில், புனித மரியா ஆலயத்தில் உள்ளது. முதலில் அடக்கம் நடந்த மடம் கலைக்கப்பட்டபோது அங்கு மாற்றப்பட்டது.

மகன்கள் இருந்தும் டியூக் பட்டம் ஹென்றி கிரேயிடம் எப்படிப் போனது?

கேத்தரினின் மூத்த மகன் ஹென்றி இரண்டாம் டியூக்காகப் பட்டமேற்றான். 1551இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இரு சிறுவர்களும், அங்கே பரவிய வியர்வைக் காய்ச்சலுக்குத் தப்பி பக்டனுக்குச் சென்றனர். ஜூலை 14 அன்று இருவரும் அங்கே இறந்தனர். தம்பி சார்லஸ், அண்ணனுக்குப் பின் உயிரோடிருந்த சிறிது நேரம் மட்டும் மூன்றாம் டியூக். அத்தோடு நேர் ஆண்வழி அற்றுப்போனதால், அதே ஆண்டு அக்டோபரில் மருமகன் ஹென்றி கிரேக்கு, அதாவது பிரான்சிஸின் கணவருக்கு, பட்டம் புதிதாக வழங்கப்பட்டது. 1551க்குப் பிறகு ‘சஃபோக் டியூக்’ என்று வாசித்தால் அவரையே கொள்ள வேண்டும்.

ஜேன் கிரே இவருக்கு என்ன உறவு? தாய் பிரான்சிஸ் உயிரோடிருக்க மகள் எப்படி அரசியானாள்?

மகள் வயிற்றுப் பேத்தி. எட்டாம் ஹென்றி தம் உயிலில், தம் மூன்று பிள்ளைகளின் வழியும் அற்றால், ஸ்காட்லாந்துக்குப் போன அக்காளின் வழியைத் தாண்டி, தங்கை மேரியின் மகள்களான பிரான்சிஸ், எலினார் ஆகியோரின் வாரிசுகளுக்கு அரியணையை வைத்தார். கவனிக்க: ‘பிரான்சிஸுக்கு’ என்று எழுதவில்லை; ‘பிரான்சிஸின் வாரிசுகளுக்கு’ என்றே எழுதினார்.

ஹென்றியின் மகனும் அடுத்த மன்னருமான ஆறாம் எட்வர்டு 1553இல் சாகக் கிடந்தபோது, சகோதரிகள் மேரி, எலிசபெத் இருவரையும் ஒதுக்கித் தம் கையால் ஒரு வாரிசுத் திட்டம் எழுதினார். முதலில் ஜேனுக்குப் பிறக்கப்போகும் ஆண்பிள்ளைகளுக்கு என்றிருந்தது. பிள்ளை பிறக்க அவகாசமில்லை என்றானதும் ‘ஜேனுக்கும் அவளுடைய ஆண்வாரிசுகளுக்கும்’ என்று திருத்தப்பட்டது. எட்வர்டுக்கு பிரான்சிஸ் அத்தை மகள். அவரைத் தாண்டி அவர் மகளுக்கு முடி சென்றது இப்படித்தான். ஜூலை 10இல் அரசியாக அறிவிக்கப்பட்ட ஜேன் 19இல் வீழ்ந்தார். 1554 பிப்ரவரி 12 அன்று தலை வெட்டப்பட்டார். அவருடைய தந்தைக்கும் சில நாட்களில் அதே முடிவு. பிராண்டன் இறந்து அதற்குள் எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இதில் அவருக்குப் பங்கில்லை.

மார்கரெட் நெவிலோடு நடந்த திருமணம் செல்லும் என்று வாதிட்டால், ஜேனின் உரிமையே போய்விடாதா?

கூர்மையான கேள்வி, பிராண்டனுக்கே இந்தக் கவலை இருந்தது. 1515இல் மேரியை மணந்தபோது மார்கரெட் உயிரோடிருந்தார். உள்நாட்டுத் திருச்சபை தந்த ரத்து போதாதோ என்று அஞ்சி, அதை உறுதிப்படுத்தும் ஆணையை பிராண்டன் 1528இல் போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட்டிடம் பெற்றார். மேரியின் பிள்ளைகள் முறையான வாரிசுகள் என்பதற்கு அது காப்பு. ஹென்றி தம் மணவிலக்குக்காக அதே போப்பாண்டவரிடம் அலைந்துகொண்டிருந்த நேரத்தில், மைத்துனருக்கு வேண்டியது எளிதாகக் கிடைத்துவிட்டது. எலிசபெத்தின் காலத்து வாரிசுச் சண்டையில், சஃபோக் வழியைப் பிடிக்காதவர்கள் இந்தப் பழைய ஐயத்தை மீண்டும் கிளப்பத்தான் செய்தார்கள்.

ஹென்றியின் உயிலைப் பின்பற்றியிருந்தால், எலிசபெத் பிள்ளையின்றி இறந்த 1603இல் யார் அரியணை ஏறியிருக்க வேண்டும்?

ஜேனின் தங்கை கேத்தரின் கிரே 1560இல் ஹெர்ட்ஃபோர்டு பிரபு எட்வர்டு சீமோரை மறைவாக மணந்து, எலிசபெத்தின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, 1568இல் இறந்தார். மணத்துக்குச் சாட்சியாயிருந்த மணமகனின் தங்கை இறந்துவிட்டார். மணம் நடத்திய பாதிரியாரைக் காட்ட முடியவில்லை. ஆகவே திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அது செல்லும் என்று கொண்டால், உயிலின்படி உரிமை கேத்தரினின் மகன் பீச்சம் பிரபுவுக்கு. செல்லாது என்றால், எலினாரின் பேரன் வழியில் வந்த ஆன் ஸ்டான்லிக்கு. இரு கணக்கிலும் அது பிராண்டனின் குருதி. நடைமுறையிலோ, ஆண்மகனும் ஏற்கெனவே மன்னருமான ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸையே அமைச்சர்கள் வரவேற்றனர். உயிலை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் ஜேம்ஸ் அதை மறக்கவில்லை. 1610இல் பீச்சம் பிரபுவின் மகன் வில்லியம் சீமோர், மார்கரெட் டியூடரின் வழியில் வந்த ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டை மறைவாக மணந்தபோது, இரு கிளைகளின் உரிமையும் ஒரே வீட்டில் சேர்வதைக் கண்டு இருவரையும் சிறைப்படுத்தினார். வில்லியம் தப்பிக் கடல் கடந்தார். ஆர்பெல்லா பிடிபட்டு, 1615இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார்.